சந்தேகத்தோடு சபைக்குள் உட்காருவது எப்படி: மலையில் புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு

ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. முதல் ஆறு மாதம் பாட்டு, ஜெபம், கண்ணீர் எல்லாம் தானாக வந்திருக்கும். பிறகு ஒரு நாள் முழங்காலில் நின்றால் வாய் மட்டும் அசையும், உள்ளே ஒன்றும் இருக்காது. "அண்ணா, நான் பின்மாற்றத்தில் போய்விட்டேனா, விசுவாசத்தை விட்டு நழுவிவிட்டேனா?" என்று யாராவது என்னிடம் கேட்காத வருடம் இல்லை. நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிழைக்கிறவன் நான். ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வேன். வேத கல்லூரியில் படித்தவன் இல்லை. ஆனால் இந்த வறட்சியில் நானே இரண்டு முறை கிடந்து எழுந்தவன் என்பதால், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். வரிசை முக்கியம். பலர் கடைசிப் படியை முதலில் எடுத்துவைத்துத்தான் விழுகிறார்கள்.

முதலில்: சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?

சிரிக்காதீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது, பரலோகத்திலிருந்து அவருக்குப் பிரசங்கம் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வந்தன. தின்றார், தூங்கினார். மறுபடியும் எழுப்பித் தின்னச் சொன்னார்கள். ஓரேப் மலையும் அங்கே தேவன் பேசிய மெல்லிய சத்தமும் அதற்கு அப்புறம்தான். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து இந்த வரிசையைக் கவனியுங்கள்.

நம் மலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் முதல் மழைக்காலத்தில் தடுமாறிப்போகிறார்கள். மிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கினால் நாள் கணக்கில் வெயில் கிடையாது. துணி காயாது, விறகு எரியாது, சாயங்காலம் ஐந்து மணிக்கே ஊர் அடங்கிவிடும். ஜனவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும்போது மனிதனும் கொஞ்சம் கருகத்தான் செய்வான். ஆகவே "தேவன் இருக்கிறாரா?" என்ற கேள்வி வரும்போது, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன், கடைசியாக எப்போது யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன் என்ற கேள்விகளையும் பக்கத்தில் வையுங்கள். கேள்வி பாதியாகக் குறையலாம். குறையாவிட்டாலும் வயிறு நிறைந்திருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்துபோனால் அது ஜெபக்குறைவு அல்ல. மருத்துவரைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இரவிலும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை. மாத்திரை எடுப்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்களிடம், அவர்கள் பிரஷர் மாத்திரையை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது: எது உங்களைப் பிடித்திருக்கிறது என்று பெயர் சொல்லுங்கள்

சந்தேகம் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று கேள்வி: சுவிசேஷங்களில் ஏன் விவரங்கள் மாறுகின்றன, உயிர்த்தெழுதலை எப்படி நம்புவது. இதற்குப் படிப்பும் விளக்கமும் உதவும். இன்னொன்று காயம்: பிள்ளை இறந்தது, கல்யாணம் முறிந்தது, சபையில் ஒருவர் ஏமாற்றினார். இதற்கு விளக்கம் உதவாது, கூடவே ஆளிருந்தால் உதவும். மூன்றாவது வெறும் அலுப்பு. காயம்பட்டவனிடம் நிரூபணம் நீட்டுவதும், கேள்வி கேட்கிறவனைத் தடவிக்கொடுத்து அனுப்புவதும் நாம் வழக்கமாகச் செய்யும் தப்பு.

என் முதல் வறட்சி காயவகை. 2009 நவம்பர் மழையை நீலகிரியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. குன்னூர், கேத்தி, அச்சனக்கல் என்று சுற்றிலும் மண் சரிந்து, மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டின் மேல் ராத்திரியில் மேடு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்த குடும்பம். அடக்கத்தன்று, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பிரசங்கியார், "பாவத்துக்கு மலையும் சாட்சி" என்ற தோரணையில் பேசினார். மண் அள்ளிய கையோடு நின்றிருந்தேன். அன்றைக்கு என்னுள் எதுவோ அறுந்தது.

பல மாதம் கழித்துத்தான் லூக்கா 13-ஆம் அதிகாரம் கண்ணில் பட்டது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று இயேசுவே கேட்கிறார். "அப்படியல்ல" என்று அவரே பதிலும் சொல்கிறார். ஏன் விழுந்தது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அந்தக் குறையே அப்போது போதுமாக இருந்தது. என் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, ஆனால் அந்தப் பிரசங்கம் அவருடையது அல்ல என்பது நிச்சயமானது.

இங்கே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேயிலைச் செடியைக் கவாத்து பண்ணினால்தான் கொழுந்து விடும், தேவனும் அப்படித்தான் உங்களை வெட்டுகிறார் என்ற உதாரணத்தை இந்த மலையில் பிறந்த ஒவ்வொரு கிறிஸ்தவனும் நூறு தடவை கேட்டிருப்பான். வசனம் சரிதான். ஆனால் சாவு வீட்டில் அதை எடுக்காதீர்கள். கவாத்துக் கத்தியைப் பிடித்த கை வேறு, வெட்டுப்பட்ட செடி வேறு.

மூன்றாவது: மிஸ்டில் வண்டி ஓட்டுவது போல

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற டிரைவர்களைக் கேளுங்கள். மிஸ்டில் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோ பீம், செகண்ட் கியர், ஓரத்து வெள்ளைக் கோடு, அவ்வளவே. நடுரோட்டில் நிறுத்தவும் கூடாது.

இதன் அர்த்தம்: இந்தக் காலத்தில் பெரிய முடிவு எதுவும் வேண்டாம். சபையை விட்டு விலகுவதாகக் கடிதம் எழுதாதீர்கள். வேறு சபைக்குத் தாவாதீர்கள். "இனி எனக்கு மதமே வேண்டாம்" என்று வாட்ஸப் ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். எதிர்ப்பக்கமும் இதே விதிதான்: நாற்பது நாள் உபவாசம், பெரிய தொகை காணிக்கை, முழுநேர ஊழியத்துக்கு வேலையை விடுதல் என்று அடித்து ஏறவும் பார்க்காதீர்கள். எப்போது முடிவெடுக்கலாம் என்று கேட்டால், மூன்று மாதம் கழித்து என்பேன். வேதத்தில் இல்லாத கணக்கு, என் அனுபவக் கணக்கு.

நான்காவது: ஜெபம் வராதபோது கடன் வாங்குங்கள்

இதில் கொஞ்சம் நிற்கிறேன். புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

மேட்டுப்பாளையம் ரயில் கல்லாறு வரைக்கும் சாதாரணமாக ஓடும். அங்கிருந்து குன்னூர் வரை ஏற்றம் ஏறக்குறைய 12 அடிக்கு ஒரு அடி. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். அதனால் நடுவில் பல்வரிசை போட்டு, இஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. குன்னூர் தாண்டினால் அது தேவையில்லை, ஊட்டி வரைக்கும் சும்மா ஓடும். சங்கீதங்களும் மனப்பாட ஜெபங்களும் எனக்கு அந்தப் பல்வரிசை. "மனப்பாட ஜெபம் இருதயத்திலிருந்து வராது" என்று உங்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சமவெளியில் ஓடும்போது அப்படிப் பேசலாம்.

செய்முறை இது. 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?" என்று தொடங்கும். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று வருகிறது. காலையில் ஒரு தடவை, படுக்கப்போகும்போது ஒரு தடவை, சத்தமாக வாசியுங்கள். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டில் பக்கத்துச் சுவர் மெல்லிசு என்றால் முணுமுணுத்தால் போதும், உதடு அசைய வேண்டும். கடைசி வசனத்தில் துதி வரும். அதைச் சொல்ல மனம் வரவில்லையா, நான்காம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.

அதுவும் பொருந்தாத அளவுக்கு இருட்டாக இருந்தால் 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அதில் கடைசியிலும் விடிவதில்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு முடிகிறது. சமாதானமே வராமல் முடிகிற ஒரு ஜெபத்தை வேதத்துக்குள் வைத்துக் கட்டியிருக்கிறார்களே, அதை வெட்டி எறியவில்லையே என்று யோசித்துப் பார்த்தபோது எனக்கு மூச்சு வந்தது.

ஒரு வாரம் வாசித்தபின் சொந்தமாக நான்கு வரி எழுதுங்கள். முதல் வரியில் அவரைக் கூப்பிடுங்கள். இரண்டாவதில் புகார். மூன்றாவதில் வேண்டியது. நான்காவதில் இன்றைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும். நான் 2010-இல் எழுதிய ஒன்று பழைய விதைக் கணக்கு நோட்டில் கிடக்கிறது: "ஆண்டவரே. அந்தக் குழந்தைகளை நீர் ஏன் காப்பாற்றவில்லை. எனக்குக் கோபம் தீரவேண்டும். இன்றைக்குக் கேரட் கழுவ வேண்டும்." பக்திப்பாட்டில் சேராது. ஆனால் அதில் பொய் இல்லை.

ஒரே ஒரு வரி போதுமென்றால் மாற்கு 9-இல் பிள்ளையைத் தூக்கிவந்த தகப்பன் சொன்னது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இரண்டும் ஒரே வாயில், ஒரே மூச்சில். பிள்ளை சுகமானது. முதலில் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

ஐந்தாவது: ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள்

ஒருவர் போதும், ஆனால் ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாட்சி நேரத்தில் எழுந்து சொல்லாதீர்கள். பத்துப் பேர் தலையில் கைவைத்து ஜெபிப்பார்கள், அடுத்த வாரம் ஊர் முழுக்கச் செய்தியாகும். நான் ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை: அவரிடம் முதலில் ஒரு சின்னக் கஷ்டத்தைச் சொல்லிப் பார்ப்பேன், ஆட்டுக்குட்டி செத்துப்போனது மாதிரி. உடனே வசனம் எடுத்து அடைத்தால் அவர் அல்ல. "அடடா, எப்போ?" என்று கேட்டால் அவர்தான்.

எனக்கு வாய்த்தது எங்கள் சபையின் பின்வரிசையில் உட்காருகிற ஒரு அம்மாயி. தேயிலை பறித்துக் கை காய்த்தவர். எழுதப் படிக்கத் தெரியாது, கீர்த்தனைகள் எல்லாம் மனப்பாடம்.

"அம்மாயி, எனக்கு நம்பிக்கையே வரமாட்டேங்குதுங்க."

"வரலீன்னா உடு கண்ணு. நான் நம்பறேன், நீ பக்கத்துல உக்காரு."

"பாட்டுகூட வாய்ல வரலீங்களே."

"பொஸ்தகத்த நீ புடி, எனக்குக் கண்ணு தெரியல. பாடறத நான் பாத்துக்கறேன்."

கண் தெரிந்தாலும் அவருக்குப் படிக்க வராது என்பது எனக்கும் தெரியும். ஆறு மாதம் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆயரிடமும் சொல்ல வேண்டும். அதற்கென்று தனியாக நேரம் கேளுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது சொல்லாதீர்கள், அவருக்குப் பின்னால் நூறு பேர் நிற்பார்கள். கத்தோலிக்கர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னது அங்கேயே நிற்கும்.

ஆறாவது: ஞாயிற்றுக்கிழமை போங்கள்

சந்தேகத்தோடு ஆலயத்துக்குப் போவது மாய்மாலம் என்று பலர் நின்றுவிடுகிறார்கள். நானும் நான்கு மாதம் நின்றேன். இதில் எனக்குத் தோமா உதவினார். தோமாவை நாம் "சந்தேகத் தோமா" என்று கேலி பேசுகிறோம். யோவான் 20-ஐ நிதானமாக வாசியுங்கள். மற்றவர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்கிறார்கள், இவர் நம்ப மாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்துப் பார்த்தால், கதவு பூட்டிய அதே வீட்டுக்குள் "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்." நம்பாதவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். நம்பியவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை, அவரும் எழுந்து போகவில்லை. அந்த எட்டு நாளைப் பற்றி யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை. இயேசு வந்தபோது தோமா அந்த அறையில் இருந்தார் என்பதுதான் விஷயம்.

மத்தேயுவின் கடைசி அதிகாரத்திலும் மலைமேல் நின்ற பதினொரு பேரும் அவரைப் பணிந்துகொண்டார்கள், "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை அந்தச் சிலருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது.

ஆகவே போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பாட வராவிட்டால் நில்லுங்கள். திருவிருந்து எடுக்கலாமா என்று கேட்பீர்கள். உங்கள் ஆயரிடம் கேளுங்கள், என் கருத்து எடுக்கலாம் என்பது. பசியில்லாதபோதும் வீட்டில் தட்டு வைக்கிறார்கள் அல்லவா.

கூட்டமும் சத்தமும் தாங்கவில்லை என்றால் வாரநாளில் வெறுமனே போய் உட்காரலாம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் ஆலயத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து பிரித்துக்கொண்டுவந்தவை. 1831-இலிருந்து அந்த மரத்தின் கீழ் எத்தனை பேர் என்ன சந்தேகத்தோடு உட்கார்ந்தார்களோ. ஊட்டியிலேயே இருக்கும் காந்தல் குருசடியும் அப்படி ஓர் இடம். இயேசுவின் சிலுவைத் துண்டு என்று வணங்கப்படும் திருப்பண்டம் வைத்திருக்கும் கத்தோலிக்கத் திருத்தலம், எந்தச் சபைக்காரர் என்று யாரும் கேட்பதில்லை.

ஏழாவது: கேள்விகளுக்கு ஒரு நோட்டு

கேள்வியை அடக்காதீர்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யூடியூபிலும் தேடாதீர்கள். அங்கே ஒரு பக்கம் விசுவாசத்தைக் கிழிக்கிறவர்கள், மறுபக்கம் உங்கள் பெயரைச் சொல்லித் தீர்க்கதரிசனம் விற்கிறவர்கள். நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி எழுதுங்கள். மாதம் ஒன்றை எடுத்து, இறையியல் படித்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். சில கேள்விகளுக்கு நல்ல பதில் இருக்கிறது, ஆச்சரியப்படுவீர்கள். சிலவற்றுக்கு அவரும் "தெரியாதுப்பா" என்பார். அப்படிச் சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூடவே மாற்கு சுவிசேஷத்தை நாளுக்கு ஓர் அதிகாரம் வாசியுங்கள். பதினாறு நாளில் முடியும். ஒற்றை வசனம் அச்சடித்துக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டைகள் இந்த நேரத்துக்கு ஆகாது; கதையாக வாசித்தால்தான் சீஷர்கள் எத்தனை தடவை புரியாமல் விழித்தார்கள் என்பது தெரியும்.

எட்டாவது: கைக்கு ஒரு வேலை

வாரம் ஒரு மணி நேரம் போதும். ஆலயம் பெருக்குங்கள், படுத்திருக்கும் ஒரு பெரியவருக்கு ரேஷன் வாங்கிக்கொடுங்கள். நம்பிக்கை வந்த பிறகு செய்வேன் என்று காத்திருக்க வேண்டாம். அன்னை தெரசாவின் கடிதங்கள் அவர் இறந்து பத்து வருடம் கழித்து 2007-இல் வெளிவந்தபோது உலகமே திகைத்தது. பல பத்தாண்டுகள் உள்ளுக்குள் இருட்டு, தேவன் இல்லாதது போன்ற வெறுமை என்று அவர் எழுதியிருந்தார். அந்த வருடங்களில்தான் கொல்கத்தா தெருவில் விழுந்துகிடந்தவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

எவ்வளவு காலம் பிடிக்கும்?

எல்லாரும் கேட்பார்கள். எங்கள் கேத்தியில் சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் 1846-இல் வேலை தொடங்கினார்கள். அவர்களை வரவழைத்த காஸமேஜர் துரை இந்த மலையின் விவசாய மக்களான படகரின் பாஷை கற்று, தன் சொத்தையே மிஷனுக்கு எழுதிவைத்து, 1849-இல் இறந்துபோனார். மெட்ஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி ஹட்டி ஹட்டியாக, அதாவது படகர் ஊர் ஊராக நடந்தார். படகரில் முதல் ஞானஸ்நானம் 1858-இல்தான். நடுவில் பன்னிரண்டு வருடம். காஸமேஜர் அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மெட்ஸ் மழையில் நனைந்து வீடு திரும்பும்போது என்ன நினைத்திருப்பார் என்று, கேரட் வயலில் நிற்கும்போது சில சமயம் யோசிப்பேன்.

என்னுடையது தீர ஒன்றரை வருடம். தீர்ந்தது என்றால் கேள்வி போய்விட்டது என்று அர்த்தமில்லை. நவம்பரில் பெருமழை பிடித்தால் இன்றும் தூக்கம் வராது, எழுந்து உட்கார்ந்து 13-ஆம் சங்கீதம் சொல்வேன். இப்போது ஆறு வசனமும் சொல்ல முடிகிறது, பெரும்பாலான இரவுகளில்.

அம்மாயி போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தப் பின்வரிசையில் இப்போது நான் உட்காருகிறேன். கீர்த்தனைப் புத்தகம் ஒன்று கூடுதலாக வைத்திருக்கிறேன். நீங்கள் வருவதானால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வாருங்கள், ஜன்னல் ஓரத்தில் காற்று அடிக்கும்.